1977க்கு முன்னால் எவ்வளவு தூரம் போகலாம்? (வர்த்தக வரலாறு படிக்க உதவி தேவை)

இணுவில்_மிளகாய்த்தோட்டம்:

எல்லோருக்கும் வணக்கம். பொருளியல் மூன்றாம் வருடம் படிக்கிறேன். சர்வதேச வர்த்தகம் பாடத்தில் றிக்கார்டோவின் 1817ஆம் ஆண்டு ஒப்பீட்டு நன்மைக் கோட்பாட்டுக்கு ஒரு கிழமை, பிறகு ஒரே பாய்ச்சலில் 1944 பிறெற்றன் வூட்ஸ் நாணய மாநாடு, அங்கிருந்து தீர்வைகளைக் குறைக்க வந்த காட் ஒப்பந்தம், 1995இல் உலக வர்த்தக அமைப்பு. இடையிலுள்ள 127 வருடத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

எனக்கு இதில் ஆசை வந்தது வகுப்பில் இல்லை, வீட்டில். அப்பப்பா 1970களில் மிளகாயும் வெங்காயமும் செய்தவர். அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்த காலம், வெளியிலிருந்து செத்தல் மிளகாய் வராது, யாழ்ப்பாணத்து மிளகாய்க்கு நல்ல விலை. அந்தக் காசில் தண்ணீர்ப் பம்ப் வாங்கி, கல்வீடு கட்டி, மேல்மாடிக்கென்று தூண்களில் கம்பியும் விட்டு வைத்தார். 1977இல் ஆட்சி மாறியது, இறக்குமதி திறந்துவிடப்பட்டது. மேல்மாடி வரவே இல்லை. அந்தக் கம்பி இன்றும் துருப்பிடித்து நீட்டிக்கொண்டு நிற்கிறது, அம்மா அதில்தான் உடுப்புக் கொடி கட்டியிருக்கிறார்.

இதை ஆய்வுக்கு எடுக்க விருப்பம். ஆனால் 1970இல் தொடங்கினால் ஒரு கொள்கை மாற்றத்தின் கதையாக மட்டும் முடிந்துவிடும். இதற்கு முன்பும் எங்கள் பக்கம் இப்படி நடந்திருக்கிறதா? எவ்வளவு பின்னுக்குப் போகலாம்?


சுருட்டுக்கொட்டில்:

பிள்ளை, போயிலையை (புகையிலையை) எடுங்கள். மிளகாய்க்கு முன்னம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் காசுப் பயிர் அதுதான், நீங்கள் கேட்கிற கேள்விக்கு நேரான பதிலும் அதில்தான் இருக்கிறது.

ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்திலும் ஆங்கிலேயர் வந்த பிறகும் யாழ்ப்பாணப் போயிலைக்குப் பெரிய சந்தை இன்றைய கேரளப் பக்கத்துத் திருவிதாங்கூர் அரசு. அங்கே போயிலை விற்பது அரசின் ஏகபோகம். என்ன விலைக்கு எவ்வளவு வாங்குவது என்று அந்த அரசாங்கம் முடிவெடுக்கும், இங்கே தோட்டத்தில் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்தவனுக்கு அதில் ஒரு சொல்லும் கிடையாது. அந்தச் சந்தை தளர்ந்த பிறகுதான் எங்கள் ஆட்கள் சுருட்டோடு தென்னிலங்கைக்குப் போய் ஊர் ஊராகக் கடை போட்டார்கள். என்னுடைய அப்பாவின் கொட்டிலில் 12 பேர் இருந்து சுருட்டுச் சுற்றுவார்கள், ஒருவர் பேப்பர் வாசிப்பார். தெற்கில் வெள்ளம் என்று செய்தி வந்தால் வாசிப்பை நிறுத்திவிட்டு, எந்தக் கடைக்கு அனுப்பிய சரக்கு நிற்கும் என்றுதான் கதைப்பார்கள். உலக வர்த்தகம் என்றால் என்ன என்று எனக்கு அங்கேதான் விளங்கியது.

உங்கள் அப்பப்பாவுக்கு 1977இல் நடந்ததும் இதுதான், முடிவெடுத்த இடம்தான் வேறு.


நயினைக்கரை:

ஐயா சொன்னது சரி, ஆனால் ஒல்லாந்தரோடு நிற்க வேண்டாம். நயினாதீவு அம்மன் கோயிலில் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது, பேராசிரியர் கா. இந்திரபாலா வாசித்து வெளியிட்டது. வெளிநாட்டு வணிகர் ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது. யானை, குதிரை கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிய மரக்கலம் என்றால் சரிபாதி.

இதை நின்று யோசித்துப் பாருங்கள். அரசனுக்குப் படைக்கு யானையும் குதிரையும் வேண்டும், ஆகவே அதைக் கொண்டுவருகிறவனுக்கு நட்டம் குறைவு. இன்று எந்தப் பொருளுக்கு எவ்வளவு தீர்வை என்று வர்த்தமானியில் போடுகிற அதே யோசனை 800 வருடத்துக்கு முன்பே கல்லில் இருக்கிறது. அதுவும் பொலன்னறுவையில் இருந்த அரசன் தமிழில் வெட்டுவித்திருக்கிறான், ஏனென்றால் இந்தக் கடலில் வணிகர் கதைத்த மொழி அது. 1409ஆம் ஆண்டுத் தேதியோடு காலியில் கிடைத்த சீனத் தளபதி செங் ஹேயின் கல்லிலும் சீனம், பாரசீகத்தோடு தமிழ் இருப்பதற்கும் இதே காரணம்தான் என்று நினைக்கிறேன். ஊர்காவற்றுறை இருக்கிற அதே தீவில், அல்லைப்பிட்டியில், சீனத்துச் சொங் அரசர் காலத்துப் பாண்ட ஓடுகள் எடுத்திருக்கிறார்கள். ஊர்காவற்றுறைக்கு முன்னால் நின்று பார்த்தால் இதெல்லாம் ஒரே கடல்.


விலைப்பட்டியல்:

இரண்டு பேரும் சொன்னது பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு இடத்தில் மறுக்கிறேன். கல்வெட்டும் ஓட்டுத்துண்டும் வர்த்தகம் இருந்தது என்று சொல்லும், எவ்வளவு இருந்தது என்று சொல்லாது. இந்தத் துறையில் பெரிய சண்டையே அதில்தான். 1571இல் மணிலா ஸ்பானியர் கைக்குப் போய், அமெரிக்க வெள்ளி நேராகச் சீனத்துக்குப் போகத் தொடங்கியபோதே உலகம் ஒரே சந்தையாகிவிட்டது என்கிறது ஒரு கட்சி. இல்லை, 1820களில்தான் என்கிறது மற்றக் கட்சி. ஒரே பொருளுக்கு இரண்டு துறைமுகத்தில் உள்ள விலை வித்தியாசம் குறைந்துகொண்டே போனால்தான் சந்தை ஒன்றாகிறது, மிளகும் பட்டும் நூற்றாண்டுக் கணக்காக ஓடினாலும் அந்த வித்தியாசம் அவ்வளவாகக் குறையவில்லை, அரிசியும் கோதுமையும் கப்பலில் ஏறிய பிறகுதான் குறைந்தது என்பது அவர்கள் வாதம். நான் இரண்டாவது கட்சி. ஏனென்றால் ஒரு சாதாரண வீட்டின் சோற்று விலையை எங்கோ இருக்கிற ஒரு துறைமுகம் தீர்மானிக்கும்போதுதான் அது எல்லோருடைய வரலாறாகிறது.

ஆகவே தம்பியோ தங்கச்சியோ, விலையைத் தேடுங்கள். 1820களிலிருந்து ஆங்கிலேய அரசாங்கத்தின் புளூ புக் என்ற புள்ளிவிபரப் புத்தகம் வருடாவருடம் இருக்கிறது, ஏற்றுமதி, இறக்குமதி, தீர்வை, விலை எல்லாம். அதற்கு முன்பென்றால் ஒல்லாந்தத் தளபதிகள் தங்களுக்கு அடுத்துப் பதவிக்கு வருகிறவருக்கு எழுதிவைத்த குறிப்புகள். யாழ்ப்பாணத்தில் இருந்த ஸ்வார்டகுறூன் 1697இல் எழுதியதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பே உண்டு, யானை வியாபாரம், சாயவேர் (துணிக்குச் சாயம் எடுக்கிற வேர்), வரி எல்லாம் அதில் வரும். அலகுகளில் மட்டும் கவனம். கண்டி என்ற நிறை அலகு எல்லாப் பொருளுக்கும் ஒன்றில்லை, கொப்பறாக் கண்டி 560 இறாத்தல் (பவுண்டு). காசும் அப்படித்தான், 1825 அளவில் ஒரு இறைசால் (ஒல்லாந்தர் காலத்துக் காசு) ஒன்றரைச் சிலிங் என்று மதிப்பிட்டார்கள், சதக் கணக்கோடு ரூபாய் வந்தது 1872இல். இதை ஒழுங்காக மாற்றாமல் வரைபடம் போட்டால் முழுதும் பிழை.

இன்னொன்று, 1977ஐ மட்டும் குற்றவாளியாக்க வேண்டாம். ஆறு வருடத்தில் 1983 கலவரமும் யுத்தமும் வந்துவிட்டன, 1990இலிருந்து வடக்குக்குப் பொருளாதாரத் தடை. இறக்குமதியால் போனது எவ்வளவு, யுத்தத்தால் போனது எவ்வளவு என்று பிரிப்பதுதான் உங்கள் ஆய்வின் கடினமான பகுதி. அதை விட்டுவிடாதீர்கள்.


வல்வைப்_பாய்மரம்:

கப்பலை மறந்துவிட்டீர்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல்கள் பர்மாவுக்குப் போய் அரிசியோடு திரும்பின. அங்கே கட்டிய அன்னபூரணி என்ற கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. எங்கள் வீட்டிலும் ஒரு கணக்குக் கொப்பி இருந்தது, இடம்பெயர்ந்தபோது போய்விட்டது. இருக்கிறவர்களிடம் இப்போதே கேளுங்கள். 85 வயதுக்காரர் ஒருவரிடம் கதைக்கப் போகலாம் என்று நான் மூன்று மாதம் தள்ளிப்போட்டேன், பிறகு செத்தவீட்டுக்குத்தான் போனேன்.


இணுவில்_மிளகாய்த்தோட்டம்:

எல்லோருக்கும் நன்றி. தங்கச்சிதான் :) போயிலையில் தொடங்கி மிளகாயில் முடிப்பது என்று முடிவெடுத்துவிட்டேன். கல்வெட்டைப் பார்க்க வருகிற சனிக்கிழமை குறிகட்டுவானில் நயினாதீவுக்கு வள்ளம் எடுக்கிறோம்.

கடைசிப் பதிலை வாசித்துவிட்டு நேற்றே அப்பப்பாவின் றங்குப் பெட்டியைத் திறந்தேன். மிளகாய் விற்ற துண்டுகள் நூலில் கோத்து ஒரு கட்டாக இருக்கின்றன, முதல் துண்டு 1973. எல்லாம் அந்தர் கணக்கு. அந்தர் என்றால் 112 இறாத்தல் என்று தெரியும். ஆனால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு சின்ன எண் கழித்து எழுதியிருக்கிறது, சில இடத்தில் 2, சில இடத்தில் 3. சாக்கின் நிறையா, ஈரத்துக்குக் கழித்ததா? அந்தக் காலத்தில் மிளகாய் நிறுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.