குமிழி அளக்கும் புனல் ஆழத்தில் அடைத்துக்கொள்கிறது, உதவுங்கள்

கசிவுதேடி:
வணக்கம். வங்காள விரிகுடாவின் கிருஷ்ணா-கோதாவரி படுகையில், சுமார் 1000 மீட்டர் ஆழத்தில் மீத்தேன் கசியும் ஓர் இடத்தை ஆர்ஓவி (கப்பலிலிருந்து இயக்கும் ஆளில்லா நீர்மூழ்கி) இறக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வாயு எவ்வளவு வருகிறது என்று அளப்பது என் வேலை. அக்ரிலிக் புனலைக் கவிழ்த்து, இயந்திரக் கையால் குமிழி வரும் துளைக்கு மேலே பிடிக்கிறோம். புனல் காம்பில் அளவுக்கோடு போட்ட குழாய். எத்தனை நொடியில் எந்தக் கோடுவரை வாயு நிரம்புகிறது என்று குறித்தால் போதும்.

முதல் அரை நிமிடம் ஒழுங்காக நிரம்புகிறது. அப்புறம் புனல் கழுத்தில் வேகவைத்த ஜவ்வரிசி போல வெள்ளையாக ஏதோ ஒட்டுகிறது. மூன்றாவது நிமிடத்தில் குழாய்க்குள் ஒன்றுமே போவதில்லை, குமிழிகள் விளிம்பைச் சுற்றி வெளியே ஓடிவிடுகின்றன. மேலே கொண்டுவந்தால் புனல் துடைத்த மாதிரி சுத்தமாக இருக்கிறது. மூன்று முறை இப்படியே. கப்பலில் இன்னும் நான்கு நாள்தான் பாக்கி.

வண்டல்:
பக்கத்தில் வெள்ளைப் பாக்டீரியாப் படலம் இருக்கிறதா? ஆர்ஓவியைத் தள்ளும் திரஸ்டர் விசிறி அடிக்கிற வேகத்தில் பிய்ந்து வந்து ஒட்டியிருக்கலாம். சற்றுத் தள்ளி இறங்கி, கலங்கல் அடங்கியபின் பாருங்கள்.

ஆழி_அண்ணன்:
படலம் என்றால் மேலே வரும்போதும் கொஞ்சமாவது ஒட்டியிருக்கும் தம்பி. இது காணாமல் போகிறதே! மீத்தேன் ஹைட்ரேட்தான். நீர் மூலக்கூறுகள் கூண்டு கட்டி மீத்தேனை உள்ளே அடைத்துவைக்கும் ஒருவகைப் பனிக்கட்டி அது. உங்கள் ஆழத்தில் வளிமண்டலத்தைப்போல் நூறு மடங்கு அழுத்தம், தண்ணீரும் குளிர்ந்தது. புனலுக்குள் வாயுவைத் தேக்கினால் உறையத்தான் செய்யும். 1996-இல் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் வென்டானா என்ற ஆர்ஓவியை வைத்து 910 மீட்டர் ஆழத்தில் இதை வேண்டுமென்றே உருவாக்கிப் பார்த்தார்கள். 2010 மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவில், சுமார் 1500 மீட்டர் ஆழத்தில் கவிழ்த்த பெரிய இரும்புக் கூடாரத்தையே ஹைட்ரேட் அடைத்துவிட்டது.

சோதிக்க வழி சுலபம். இயந்திரக் கையால் புனலைத் தட்டிச் சரித்துவிடுங்கள். வெள்ளைத் துண்டு மேலே மிதந்து போனால் ஹைட்ரேட். சுண்ணாம்புக் கல் என்றால் கீழே விழும்.

கசிவுதேடி:
அண்ணா, மிதந்துதான் போனது! திரும்பி வரும்போது கேமராவைப் புனல்மேலேயே வைத்திருந்தேன். 650 மீட்டருக்கு மேலே வந்ததும் கழுத்தில் மிச்சம் இருந்தது நுரைக்க ஆரம்பித்தது, 500 தாண்டியதும் ஒன்றுமில்லை. இரண்டு வருடமாகப் படித்ததைக் கண்ணால் பார்த்தேன், கை நடுங்கிவிட்டது. இனி எப்படி அளப்பது?

ஆழி_அண்ணன்:
புனலை நம்பாதீர்கள். இடைவெளி தெரிந்த இரண்டு லேசர் புள்ளிகளை அளவுக்கு வைத்து, துளையை நெருக்கத்தில் வீடியோ எடுங்கள். குமிழி விட்டம், நொடிக்கு எத்தனை குமிழி, இரண்டும் தெரிந்தால் கன அளவு வந்துவிடும். குமிழி உருண்டையாக இருக்காது, அகலம் உயரம் இரண்டையும் அளக்க வேண்டும். புனலை வைத்தே தீரவேண்டுமென்றால் 20 நொடியில் முடித்துவிட்டு, சரித்துக் காலிசெய்து மறுபடி பிடியுங்கள்.

இன்னொன்று, இதை மறக்கவே கூடாது. மாதிரிக் குப்பியை இறுக மூடி மேலே கொண்டுவராதீர்கள். அங்கே பிடித்த வாயு மேலே வந்தால் நூறு மடங்குக்குமேல் விரியும், ஹைட்ரேட் துண்டு இருந்தால் இன்னும் மோசம். அழுத்தம் விடும் வால்வு இல்லாத குப்பி கப்பல் தளத்தில் வெடிக்கும். பக்கத்தில் நிற்பது நீங்கள்தான்.

கசிவுதேடி:
முதல் மூன்று முறை எடுத்த கணக்கு?

ஆழி_அண்ணன்:
வெள்ளை படியும் முன் உள்ள நொடிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மீதி வேண்டாம். வீடியோவை மட்டும் அழிக்காதீர்கள், ஹைட்ரேட் எவ்வளவு வேகமாகப் படிகிறது என்பதே ஒரு தரவு.