ஆய்வுகூட உதவியாளர் பயிற்சிக்கு 20 பேர்: தெரிவை எப்படிச் செய்வது? (திருகோணமலை)

உவர்மலை வாசி:
வணக்கம். திருகோணமலை நகரில் ஒரு தனியார் நிலையம் ஆய்வுகூட உதவியாளர் பயிற்சிநெறி ஒன்றைத் தொடங்க இருக்கிறது. 20 இடம். உயர்தரப் பெறுபேற்றை வரிசைப்படுத்தி, மேலே உள்ளவர்களைக் கூப்பிட்டு மூன்று பேர் கொண்ட குழு பத்து நிமிடம் நேர்முகப் பரீட்சை வைப்பதுதான் இப்போதைக்குத் திட்டம். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி (அனுமதிக்கான குறைந்தபட்சப் புள்ளி) வந்ததும் நல்ல பிள்ளைகள் விட்டுப் போய்விடுவார்கள் என்ற யோசனை ஒரு பக்கம். "எங்கட ஆள், பார்த்து எடுங்கோ" என்ற தொலைபேசி அழைப்பு மறுபக்கம். விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெஞ்ச் நம்பர் 4:
விண்ணப்பப் படிவத்துக்கு முதல் 20 என்ற எண்ணைச் சரிபாருங்கள். வகுப்பறைக் கதிரையை எண்ணி இடம் தீர்மானித்தால் பிழைக்கும். எல்லையைப் போடுவது வைத்தியசாலைச் செய்முறைப் பயிற்சிதான். ஒரு மேற்பார்வையாளருக்கு ஒரு நேரத்தில் நாலு பேர் என்று வைத்தால் 20 பேருக்கு ஐந்து இடம் வேண்டும்: இரத்தம் எடுக்கும் அறை, குருதியியல், உயிர்இரசாயனம், நுண்ணுயிரியல், மாதிரி பொறுப்பேற்கும் மேசை. இதில் மூன்றுக்குத்தான் சம்மதம் கிடைக்கும் என்றால் உங்கள் இடம் 12. வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழா, மாகாணத்தின் கீழா என்று பார்த்து அனுமதிக் கடிதத்தை அங்கே கேளுங்கள். அது எழுத்தில் கைக்கு வந்த பிறகு விளம்பரம் போடுங்கள்.

விளம்பரத்திலேயே ஒரு வரி கட்டாயம்: இந்தச் சான்றிதழை வைத்து இலங்கை மருத்துவ சபையில் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராகப் பதிய முடியாது, இது உதவியாளர் வேலைக்கானது. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிலையம் பதியப்பட்டிருந்தால் பதிவு எண்ணையும் போடுங்கள். இடையில் விட்டுப் போகிறவர்களில் ஒரு பகுதியினர் இந்த வித்தியாசம் பிந்தித்தான் விளங்கிப் போகிறவர்கள்.

கிண்ணியா ஆசிரியை:
குழு நேர்முகப் பரீட்சையைக் கைவிடுங்கள். மூன்று பேர் ஒன்றாக இருந்தால், மூத்தவர் முகத்தைப் பார்த்து மற்ற இருவரும் புள்ளி போடுவார்கள். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2000களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறை சின்ன நிலையத்துக்கும் பொருந்தும். பிள்ளை ஒரு மேசையில் 8 நிமிடம் இருக்கும், 2 நிமிடத்தில் அடுத்த மேசைக்கு மாறும். ஒரு மேசைக்கு ஒரு பரீட்சகர், ஒரே கேள்வி, தனிப் புள்ளித்தாள். உங்களுக்கு ஆறு மேசை போதும். ஒரு பரீட்சகருக்கு ஒரு பிள்ளையைத் தெரிந்திருந்தாலும் அவரால் ஒரு மேசைப் புள்ளியைத்தான் அசைக்க முடியும். தொலைபேசி அழைப்புக்கு மருந்து அதுதான்.

ஆறு மேசைக்கு ஒரு சுற்று 60 நிமிடம், ஆறு பேர். 48 பேரைக் கூப்பிட்டால் எட்டுச் சுற்று, ஒரு நாளைக்கு நாலு என்று இரண்டு நாள். ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் பின்னேரம் பரீட்சகர் களைத்து எல்லாருக்கும் நடுப்புள்ளி போடுவார்.

மேசைகளில் என்ன வைக்கலாம்?
ஒன்றில் பத்து இரத்தக் குழாய், பத்துப் படிவம். அதில் இரண்டு குழாயில் பெயரோ படுக்கை எண்ணோ மாறியிருக்க வேண்டும். கண்டுபிடிக்கிறாரா?
இன்னொன்றில் வயதான நோயாளியாக ஒருவர் இருப்பார். காலையில் ஏன் சாப்பிடாமல் வர வேண்டும், தண்ணீர் குடிக்கலாமா என்று அவருக்கு விளங்கப்படுத்த வேண்டும்.
மூன்றாவது கணக்கு. பத்தில் ஒன்றாக ஐதாக்க 0.1 மில்லிலீற்றர் மாதிரிக்கு எவ்வளவு கரைசல்? 0.9. பலர் 1.0 என்று எழுதுவார்கள். விடையைவிட, பிழையைக் காட்டியதும் எப்படித் திருத்துகிறார் என்பதற்குப் புள்ளி கொடுங்கள்.
நாலாவது, பிள்ளையின் உறவினர் ஒருவர் வந்து தன் பக்கத்து வீட்டுக்காரரின் அறிக்கையைக் கேட்கிறார். பிள்ளை இரகசியம் காக்கிறாரா?
ஐந்தாவது, ஆங்கிலப் படிவம் ஒன்றை வாசித்துச் சொல்வது. வேலையில் படிவமும் குழாயும் ஆங்கிலத்தில்தான். மற்ற மேசைகளில் தமிழா சிங்களமா என்பது பிள்ளையின் விருப்பம்.
ஆறாவதை ஓய்வு மேசையாக விட்டாலும் குற்றமில்லை, ஆனால் எல்லாருக்கும் விடுங்கள்.

இசட் புள்ளி:
மேசை முறை சரி, ஆனால் பெறுபேற்றைத் தூக்கி எறியாதீர்கள். அதை வாசலாக வையுங்கள்: குறைந்தபட்சத் தகுதி இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் இல்லை. இறுதி வரிசைக்கு மேசைப் புள்ளி. இரண்டையும் கூட்டினால் உயர்ந்த இசட் புள்ளிக்காரர் (இசட் புள்ளி என்பது பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய உயர்தரப் புள்ளி) மேலே வருவார், அவர்தான் முதலில் பல்கலைக்கழகத்துக்குப் போவார். சுகாதார அமைச்சு தன் பயிற்சிகளுக்கு ஆள் எடுக்கும் வர்த்தமானி அறிவித்தல் வந்தாலும் அப்படித்தான். அங்கே பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவு இருக்கும்போது யார் இங்கே காசு கட்டி இருப்பார்கள்? அவர்களைக் குறை சொல்லவோ, "போக மாட்டேன்" என்று கையெழுத்து வாங்கவோ வேண்டாம். வெட்டுப்புள்ளி வெளியான பிறகு வகுப்பைத் தொடங்குங்கள். எண்ணிட்ட காத்திருப்புப் பட்டியலை அறிவித்தல் பலகையில் போடுங்கள். வெற்றிடத்தை இரண்டாவது வார முடிவு வரை நிரப்பலாம். அதற்குப் பிறகு வருகிறவர் ஊசி, கழிவு, தொற்றுப் பாதுகாப்பு வகுப்புகளைத் தவறவிட்டிருப்பார், எடுக்காதீர்கள்.

பெஞ்ச் நம்பர் 4:
மருத்துவப் பரிசோதனையைத் தெரிவுக்குப் பிறகு, தற்காலிக அனுமதிக் கடிதத்தோடு வையுங்கள். நிறப்பார்வைக்கு இஷிஹாரா அச்சுப் புத்தகம், பகல் வெளிச்சம், 75 சென்ரிமீற்றர் தூரம். தொலைபேசித் திரையிலோ நிறப்பிரதியிலோ காட்டினால் நிறம் மாறிவிடும், அந்த முடிவு செல்லாது. பிழைத்தால் உடனே நிராகரிக்காமல் கண் பிரிவுக்கு அனுப்புங்கள். பற்றீரியாவை வகை பிரிக்கும் கிராம் சாயத்தில் ஊதாவையும் இளஞ்சிவப்பையும் பிரிக்க வேண்டும், காசநோய்க் கிருமியை நீலப் பின்னணியில் சிவப்பாகக் காண வேண்டும், அதற்காகத்தான் இந்தப் பரிசோதனை.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதம் என்று மூன்று தடவை. சேர்ந்த பிறகு தொடங்கினால் செய்முறைப் பயிற்சிக்குள் முடியாது. இலங்கையில் 2003இலிருந்து குழந்தைகளுக்குக் கட்டம் கட்டமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதனால் பிள்ளையின் சிறுவர் சுகாதாரப் பதிவேட்டை முதலில் கேளுங்கள். பலருக்கு இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி பார்க்கும் சோதனை மட்டும் போதும், லீற்றருக்கு 10 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால் சரி. குறைந்தால் ஒரு ஊசி போட்டு மறுபடி பார்ப்பார்கள்.

உவர்மலை வாசி:
எல்லாருக்கும் மிக்க நன்றி. ஆவணங்கள்? பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தர் சான்று எல்லாம் விண்ணப்பத்தோடு கேட்கலாமா?

கிண்ணியா ஆசிரியை:
வேண்டாம். விண்ணப்பத்தில் அடையாள அட்டை எண்ணும் உயர்தரச் சுட்டெண்ணும் போதும். பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்கள இணையத்தளத்தில் நீங்களே பார்க்கலாம். மூலப்பிரதிகள் தெரிவானவர்களிடம் மட்டும். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் எழுத்து மாறியிருப்பது நம் பக்கம் சாதாரணம், சத்தியக்கடதாசிக்கு 14 நாள் கொடுங்கள். வெருகல், புல்மோட்டை போன்ற தூர இடத்துப் பிள்ளைகளை முதல் சுற்றுக்குப் போடாமல் பத்து மணிச் சுற்றுக்குப் போடுங்கள். வெள்ளிக்கிழமை வைத்தால் ஜும்ஆவுக்காக நடுவில் நிறுத்த வேண்டி வரும், சனி ஞாயிறு பாருங்கள்.