விண்ட்சாக்: காற்றுறையா, காற்றுக்கூம்பா?

வணக்கம். சிறு விமானத்தளப் பராமரிப்புக் கையேட்டுக்கு விண்ட்சாக் (கம்பத்தில் கட்டி, காற்றின் திசையையும் வேகத்தையும் காட்டும் துணிக்குழல்) என்பதற்கு ஒரு சொல் வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத தளத்தில் ஓடுபாதையின் எந்த முனையிலிருந்து ஏறுவது, எதில் இறங்குவது என்று விமானி முடிவுசெய்வது பெரும்பாலும் இந்தத் துணியைப் பார்த்துத்தான். காற்றுப்பை, காற்றுத்திசைகாட்டி, காற்றுறை மூன்றும் கைவசம் உள்ளன. என் ஓட்டு காற்றுறைக்கு. காலுறை போல எளிதில் பிடிபடும்.

———

> என் ஓட்டு காற்றுறைக்கு

உறை என்றால் ஒன்றை மூடிக் காப்பது: வாளுறை, தலையணை உறை. இது எதையும் மூடவில்லை; இருபுறமும் திறந்த துணிக்குழல். பழந்தமிழில் ‘கால்’ என்றாலே காற்று, அந்தக் கணக்கில் காலுறையே போதுமே!

காற்றுப்பை ஏற்கெனவே காருக்குள் விபத்தின்போது விரியும் பைக்குப் போய்விட்டது. திசைகாட்டிதான் ஆபத்து. கூரைமேல் சுழலும் காற்றுத்திசைகாட்டியின் அம்பு காற்று வரும் பக்கம் பார்க்கும். விண்ட்சாக்கின் வாலோ காற்று போகும் பக்கம் நீளும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் புதிதாகப் படிப்பவர் ஓடுபாதையைத் தலைகீழாகப் பிடிப்பார். வாலிலிருந்து, காற்று நுழையும் வாயை நோக்கி, எதிர்காற்றில் ஏற வேண்டும். பின்காற்றில் ஏறினால் தரையோட்டம் நீண்டு, குட்டையான ஓடுபாதையில் இடம் போதாது.

காற்றுக்கூம்பு என்போம். பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 14ஆம் பிற்சேர்க்கையும் நுனி வெட்டிய துணிக்கூம்பு என்றுதான் வடிவத்தைச் சொல்கிறது: நீளம் 3.6 மீட்டருக்கும், அகன்ற முனையின் விட்டம் 0.9 மீட்டருக்கும் குறையக் கூடாது. உறுப்புகளுக்கு வாய், வால், சட்டம், கம்பம் போதும். கூம்பு சுழல உதவும் பேரிங் பேரிங்காகவே இருக்கட்டும்.

———

கூம்பு சரி. ஆனால் பழுதுப் பட்டியலில் வைத்துப் பார்த்தால்தான் சொல் நிற்குமா என்று தெரியும்.

‘கூம்பு தொய்கிறது’: மழையில் நனைந்த துணி கனத்து, உள்ள வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும். ‘கூம்பு சிக்குகிறது’: பேரிங் துருப்பிடித்து, காற்று மாறினாலும் பழைய திசையிலேயே நிற்கும். மூன்றில் இதுதான் மோசம், பார்வைக்குப் பழுதே தெரியாது. காற்றில்லாத நேரத்தில் சட்டத்தைக் கையால் முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். ‘கூம்பு வெளுக்கிறது’: வெயிலில் ஆரஞ்சு நிறம் போனால் 300 மீட்டர் உயரத்திலிருந்து தெரியாது.

‘விறைப்பு’ என்பதையும் சேர்க்கலாம். அமெரிக்க விதிப்படி 15 நாட் (மணிக்கு 15 கடல்மைல்) காற்றில் கூம்பு முழுதாக விறைக்க வேண்டும். துணியில் ஐந்து நிறப் பட்டை இருந்தால் பட்டைக்கு 3 நாட் என்று கைக்கணக்குப் போடுவார்கள். வாய்ப்பக்கம் கம்பிச் சட்டம் நீண்டிருந்தால் அந்தக் கணக்கு பொய்க்கும்; காற்றே இல்லாதபோதும் முதல் பட்டை கிடையாகத்தான் நிற்கும். ஆகவே ‘சட்டத்துக்கு அப்பால் விறைப்பு’ என்று எழுதுங்கள்.

———

ஏற்கிறேன். சங்கப் பாடலில் கூம்பு பாய்மரத்தைக் குறிக்கும். காற்றோடு அதற்குப் பழைய உறவுதான். கையேட்டில் முதல் இடத்தில் மட்டும் ‘விண்ட்சாக் எனப்படும் காற்றுக்கூம்பு’ என்று போட்டுவிடலாம்.

இன்னொன்று பாக்கி. கம்பத்தைச் சுற்றித் தரையில் 15 மீட்டர் விட்டத்தில், 1.2 மீட்டர் அகலத்தில் வெள்ளைப் பட்டை இடுவார்களே, அதை ‘வளையம்’ என்றால் கூம்பின் வாயிலுள்ள வளையத்தோடு குழம்பும். ‘தரைவட்டம்’ சரிவருமா?