பசு இல்லாத ‘ஆன்தெர்வில்’, ஆன்தெர்வில்தானா?

மணல்வட்டம்:
2025 கோடையில் பிரான்ஸ் 2 அலைவரிசை ‘ஆன்தெர்வில்’லைத் திரும்பக் கொண்டுவந்தது. இரண்டு ஊர்கள் வேடிக்கைத் தடையாட்டங்களில் மோதும் பழைய பிரெஞ்சுத் தொலைக்காட்சிப் போட்டி அது. நாகிதான் தொகுப்பாளர். இரண்டு ஊர், இரண்டு நிற உடை, சோப்பு நுரை எல்லாம் இருந்தது. ஆட்டக்காரர்களைத் துரத்தும், தென்மேற்குப் பிரான்சின் லாந்து பக்கத்துப் பசுக்கள் மட்டும் இல்லை. மாட்டு வேடம் கட்டிய ஆள் துரத்தினார். ‘மாடு வெறும் வேடிக்கைக்குத்தானே, போனால் போகட்டும்’ என்கிறார்கள். எனக்கு ஒப்பில்லை. சோப்புப் பலகை நேற்று இருந்தபடிதான் இன்றும் இருக்கும். ஒத்திகையில் நாலு முறை விழுந்தவனுக்கு ஐந்தாம் முறை எங்கே கால் வைப்பது என்று தெரிந்துவிடும். பசு அப்படியா? நீ இடப்பக்கம் ஒதுங்கினால் அதுவும் திரும்பும். ஆட்டக்காரனைப் பார்த்துத் தன் புத்தியை மாற்றிக்கொள்ளும் தடை அது ஒன்றுதான். அதை எடுத்தது அச்சாணியைப் பிடுங்கியது மாதிரி.

ஊர்க்கணக்கு:
அச்சாணி மாடு இல்லை சார், ஊர்ப்போட்டி. பிறப்பைப் பாருங்கள். இத்தாலியில் 1959 முதல் 1962 வரை ‘காம்பனீலே சேரா’ ஓடியது. காம்பனீலே என்றால் மணிக்கூண்டு. தன் ஊர் மணிக்கூண்டைத் தாண்டி எதையும் ஒப்புக்கொள்ளாத ஊர்ப்பற்றுக்கே அங்கே அந்தப் பெயரிலிருந்து ஒரு சொல் உண்டு. வடக்கில் ஓர் ஊர், தெற்கில் ஓர் ஊர். கேள்வி மிலான் அரங்கில், ஓட்டமும் பளுவும் ஊர்ச் சதுக்கங்களில். மாடே கிடையாது. அந்த அச்சைத்தான் கீ லுக்ஸும் குளோத் சவாரியும் பிரான்சுக்குக் கொண்டுவந்தார்கள். முதல் ஒளிபரப்பு 17 ஜூலை 1962. இரண்டாவது அலைவரிசை 1964இல்தான் வந்தது. ஆக நாடு முழுக்க ஒரே திரை. இரண்டு ஊர்களிலிருந்தும் ஒரே நேரத்தில் நேரலை. தொகுப்பாளர்களான லுக்ஸும் லியோன் ஸித்ரோனும் ஒலிவாங்கி வழியாகவே புள்ளிக்குச் சண்டை போட்டார்கள், நடுவில் சிமோன் கார்னியே. சனம் உட்கார்ந்து பார்த்தது அந்தச் சண்டையை.

அதன் பிள்ளையான, பல நாட்டு ஊர்கள் மோதும் ‘எல்லைகளற்ற ஆட்டங்கள்’ 1965இல் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம் என்று தொடங்கி, 1982 வரையும், பிறகு 1988 முதல் 1999 வரையும் நடந்தது. அதன் அடையாளம் மாடா? ராட்சத பொம்மைத் தலைகளும் தண்ணீரும்தானே?

செவலை:
இருவரும் மாட்டை ஒரே பொருளாகப் பேசுகிறீர்கள். அது சந்தையில் பிடித்து வந்த கறவை மாடு இல்லை. லாந்து வட்டாரத்தில் ‘கூர்ஸ் லாந்தேஸ்’ என்றொரு விளையாட்டு உண்டு. மாட்டைக் கொல்வதில்லை, பாய்ந்து வரும் பசுவைக் கடைசி நொடியில் உடலை வளைத்துத் தவிர்ப்பவர் ஒருவர், அதன்மேல் தாவிக் கடப்பவர் இன்னொருவர். அதற்கென்று வளர்க்கும் ஸ்பானிய ரத்தக் கலப்புள்ள பசுக்களைத்தான் தொலைக்காட்சிக்கும் கொண்டுவந்தார்கள். மெலிந்த உடம்பு, சட்டென்று திரும்பும் கழுத்து. கொம்பு நுனிக்கு உறை போடுவார்கள். குத்தாது, ஆனால் முட்டினால் விலா எலும்பு கேள்வி கேட்காமல் போகும்.

முக்கியமான விஷயம் இது. ஸ்பானியக் காளைச் சண்டையில் மாடு அதற்கு முன் தரையில் நிற்கும் மனிதனை எதிர்கொண்டிருக்கக் கூடாது. லாந்தில் நேர்மாறு: அதே பசு வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்பக் களம் இறங்கும். ஆகவே கற்றுக்கொள்ளும். ஏமாறாமல் ஆளையே குறிவைக்கும். அதனால்தான் அங்கே கொம்பில் நீளக் கயிறு கட்டி, ஒருவர் பிடித்துக்கொண்டு அதன் பாதையை நேராக்குகிறார். தொலைக்காட்சிக் களத்தில் கயிறு இல்லை. அனுபவசாலி மாடு, அனுபவமில்லாத ஆள், கயிறும் இல்லை. சிரிப்பும் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்து வந்தன.

ஊர்க்கணக்கு:
அப்படியானால் என் வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள் செவலை அண்ணா. கற்கும் தடையை வைத்து எப்படிப் புள்ளி போடுவது? முதல் அணிக்குக் களைக்காத பசு, இரண்டாம் அணிக்கு மூச்சு வாங்கும் பசு. வேறு பசுவை விட்டால் குணம் வேறு. எந்தப் பக்கம் பார்த்தாலும் சீட்டுக் குலுக்கல்.

செவலை:
அதற்கு வழி உண்டு: இரண்டு அணியையும் ஒரே நேரத்தில் ஒரே பசுவோடு இறக்குவது. அப்போதும் கவனிக்க வேண்டியவை உண்டு. சில நிமிஷம் ஓடியதும் பசு ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு அசையாது. பெரும்பாலும் தான் வந்த கதவின் பக்கம். அந்தக் கதவருகே சிவப்பு அணி பொருள் சேர்க்கும் கூடை இருந்தால் சிவப்புக்குத்தான் கஷ்டம். கதவு இரு கூடைக்கும் சம தூரத்தில் இருக்க வேண்டும். தரை மணல், நுரை ஆட்டம் முடிந்த இடத்தில் மாட்டை விடவே கூடாது, குளம்பு வழுக்கிக் கால் ஒடியும். சுற்றுப்பலகை உயரமாக, ஆள் நுழைந்து ஒளிய இடைவெளியோடு இருக்க வேண்டும். தென்மேற்கில் இதற்கென்றே நிரந்தர அரங்குகள் உண்டு. வடக்கே ஒரு ஊரில் நடத்தினால் மணல், பலகை, பசு, மேய்ப்பவர் அத்தனையும் லாரியில் ஏற வேண்டும்.

சட்டம் தடுத்துவிட்டது என்று யாரும் எழுதிவிட வேண்டாம். 2021 நவம்பர் சட்டம் குறிவைத்தது சர்க்கஸிலும் தொலைக்காட்சிக் கேளிக்கைகளிலும் உள்ள காட்டு விலங்குகளை. பசு வீட்டு விலங்கு. இது ஒளிபரப்பாளர் எடுத்த முடிவு.

திருப்புளி:
‘மாடு சீட்டுக் குலுக்கல், எந்திரம் நியாயம்’ என்பதை மட்டும் நம்பாதீர்கள். துளை போட்ட வாளியில் தண்ணீர் கொண்டுபோகும் ஆட்டத்தை எடுங்கள். நீர்மட்டம் 20 செ.மீ., அடியில் 1 செ.மீ. விட்டத் துளை என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 90 மில்லி ஒழுகும். 10 வினாடி ஓட்டத்தில் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது தச்சர் இரண்டாவது வாளியில் 12 மி.மீ. துளை போட்டுவிட்டார் என்று வையுங்கள். பரப்பு 44 சதவீதம் கூடும், ஒழுக்கும் அப்படியே. 2 மி.மீ. தவறு ஓர் ஊரையே தோற்கடிக்கும். திரையில் யாருக்கும் தெரியாது.

சோப்புச் சரிவு இன்னும் மோசம். காய்ந்த பலகையில் ரப்பர் காலணிக்கு உராய்வுக் குணகம், அதாவது பிடிப்பின் அளவு, 0.6 என்றால் 31 பாகை வரை நிற்கலாம். நுரைபட்டு 0.1 ஆனால் 6 பாகையிலேயே வழுக்கும். முதலில் ஓடுகிறவர் தன் காலாலும் முட்டியாலும் அந்த நுரையை வழித்துக்கொண்டே போகிறார். அடுத்தவருக்குப் பலகை நல்ல பலகை. ஒவ்வொரு ஆளுக்கும் முன்பு தண்ணீர் ஊற்றிக் கழுவி, அளந்த சோப்புக் கரைசலை மறுபடி ஊற்றினால்தான் சமம். நேரலையில் அதற்கு யாருக்குப் பொறுமை?

மணல்வட்டம்:
சபாஷ். ஆக மாட்டைத் தள்ளியதற்கு நியாயம் காரணம் இல்லை.

ஊர்க்கணக்கு:
நியாயத்தை எந்திரம் தரும் என்று நான் சொல்லவில்லை, நடுவர் தருவார். ‘எல்லைகளற்ற ஆட்டங்க’ளில் நின்ற ஒலிவியேரி, பங்கால்தி இருவரும் சுவிஸ்காரர்கள், பனி ஹாக்கி நடுவர்கள். விசில் ஊதியபின் வாதம் கிடையாது. ஜோக்கர் சீட்டையும் பாருங்கள்: புள்ளி இரட்டிப்பாகும், ஆனால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அறிவிக்க வேண்டும். இதில் பசுவிடம் ஜோக்கர் போடுகிறவன் அணித்தலைவனே இல்லை. தன் ஆள் பலம் தெரிந்த ஆட்டத்தில்தான் போடுவான். கணக்குக்கு இடம் கொடுக்காத ஆட்டம் இடைவேளைக் கூத்துதான்.

மணல்வட்டம்:
இடைவேளைக் கூத்துக்காகத்தான் பாதிப் பேர் உட்கார்ந்தார்கள். வேடம் கட்டிய ஆளுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். அதைப் பார்க்கிறவருக்கும் தெரியும். அங்கேதான் ஆட்டம் செத்தது.

ஊர்க்கணக்கு:
செத்ததற்குக் காரணம் வேறு. இப்போது இரு அணியையும் ஒரே களத்தில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். 1962 மாதிரி இரண்டு சதுக்கத்தையும் திரும்பக் கொண்டுவாருங்கள், மேயர் தன் ஊர்ச் சனத்தின் நடுவில் நின்று வியர்க்கட்டும். மாட்டை யாரும் தேட மாட்டார்கள்.

திருப்புளி:
இரண்டு சதுக்கம் என்றால் எல்லாக் கருவியும் இரண்டிரண்டு. என் 2 மி.மீ. துளை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வரும். ஓர் ஊரில் மழை, இன்னோர் ஊரில் வெயில் என்றால் சோப்புச் சரிவை என்ன செய்வீர்கள்?

ஊர்க்கணக்கு:
ஒன்றும் செய்ய வேண்டாம். தோற்ற ஊர்க்காரன் இருபது வருஷம் அந்த மழையையே பேசிக்கொண்டிருப்பான்.