‘கன்வென்ஷனல்’ என்றால் எல்லா இடத்திலும் மரபுதானா?

அச்சுப்படி:
மொழிபெயர்ப்புகளைத் திருத்துவது என் வேலை. ‘கன்வென்ஷனல்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டாலே ‘மரபு’ என்று போட்டுவிடும் பழக்கம் ஒழிய வேண்டும். புற்றுநோயாளிகளுக்கான கையேடு ஒன்று திருத்தத்துக்கு வந்தது. ‘மரபு மருத்துவத்தை இடையில் நிறுத்தாதீர்கள்’ என்று அதில் இருந்தது. ஆங்கில மூலம் சொல்வது அறுவை சிகிச்சையையும் கீமோதெரபியையும். தமிழில் மரபு மருத்துவம் என்றால் நோயாளி சித்த மருத்துவத்தை அல்லவா நினைப்பார்? பொருள் நேர் எதிராகிவிட்டது. இது உயிர் தொடர்பான விஷயம்.

பொருநைக்கரையான்:
அந்தக் கையேட்டில் தவறு என்பதை மறுக்கவில்லை. அதற்காக மரபு என்ற சொல்லின் மேல் பழி போடாதீர்கள், ஐயா. உயர்ந்தோர் எப்பொருளை எச்சொல்லால் எவ்வாறு சொன்னார்களோ அவ்வாறே சொல்வது மரபு என்கிறது நன்னூல். யானையின் இளமைக்குக் கன்று, அணிலின் இளமைக்குக் குட்டி என்று தொல்காப்பியத்தின் மரபியல் வகுக்கிறது. இயற்கையில் இதற்குக் காரணம் தேட முடியாது. பேசுவோரின் உடன்பாடுதான் காரணம். ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேருக்கும் ஒன்றுகூடுதல் என்றே பொருள். இதைவிடப் பொருத்தமான சொல் வேறு ஏது?

மின்பாடம்:
பொருநைக்கரையான் சொல்வது இயற்பியலுக்குப் பொருந்தும். நேர், எதிர் என்ற மின்னூட்டப் பெயர்களை 18ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் வைத்தார். 1897இல் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தார். அதன் மின்னூட்டம் எதிர்க்குறி உடையது. ஆனாலும் நேர் மின்னூட்டம் நகரும் திசையே மின்னோட்டத் திசை என்ற பழைய உடன்பாட்டின்படி, கம்பியில் எலக்ட்ரான்கள் நகரும் திசைக்கு எதிர்த்திசையைத்தான் இன்றும் மின்னோட்டத் திசையாகக் கொள்கிறோம். அதை ‘மரபு மின்னோட்டம்’ என்பதில் பிழையில்லை. ஒரு முறை விளக்கினால் மாணவர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

அச்சுப்படி:
வகுப்பில் விளக்க ஆசிரியர் இருக்கிறார். செய்தித்தாள் வாசகருக்கு யார் இருக்கிறார்கள்? அணு, வேதி, உயிரி ஆயுதங்கள் அல்லாதவற்றை ஆங்கிலத்தில் ‘கன்வென்ஷனல்’ என்கிறார்கள். நேற்று வந்த ட்ரோன் குண்டும் அதில் அடங்கும். நாம் ‘மரபு ஆயுதம்’ என்று எழுதினால் வாசகர் மனதில் வேலும் வாளும்தான் வரும். நன்னூல் சொன்ன பொருள் புலவருக்குத் தெரியும். பஸ்ஸில் நாளிதழ் படிப்பவர் மரபு என்றால் முன்னோர் வழி என்றே கொள்கிறார். நாம் எழுதுவது அவருக்காக.

காற்றாலைக்காரன்:
எங்கள் துறையிலும் இதே சிக்கல். மத்திய அரசில் 1992 முதல் ‘நான்-கன்வென்ஷனல்’, அதாவது மரபுசாரா எரிசக்திக்கென ஓர் அமைச்சகம் இருந்தது. 2006இல் அது புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமானது. பெயர் மாறியும் முப்பந்தல் காற்றாலைகளைப் பற்றி எழுதுவோர் பலர் ‘மரபுசாரா’வை விடவில்லை. பாய்மரத்தில் காற்றைப் பிடித்துக் கடல் கடந்த மக்களிடம் காற்று மரபைச் சாராதது என்பது எப்படிச் சரியாகும்?

பொருநைக்கரையான்:
ஆயுதத்துக்கும் காற்றுக்கும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இடத்துக்கு ஒரு சொல் என்று போனால் கலைச்சொல் அகராதி எதற்கு? தேடுகிறவர் எந்தச் சொல்லைத் தேடுவார்?

அச்சுப்படி:
அகராதியில் ஒரே தலைப்பின்கீழ் நான்கு பொருளையும் கொடுங்கள். மருத்துவத்துக்கு ‘நவீன மருத்துவம்’. ஆயுதத்துக்கு ‘அணு ஆயுதமல்லாத’ என்று சுருக்கினால் வேதி ஆயுதம் உள்ளே வந்துவிடும்; எனவே ‘வழக்கமான ஆயுதங்கள்’. மின்னோட்டத்துக்கு மரபு இருக்கட்டும். மனிதரைப் பற்றிச் சொல்லும்போது, பாராட்டா குறையா என்று பார்த்து ‘ஊரோடு ஒத்துப்போகிறவர்’ என்றோ ‘பழைய போக்குடையவர்’ என்றோ எழுதலாம். அந்தப் புற்றுநோய்க் கையேட்டை ‘நவீன மருத்துவம்’ என்றுதான் திருத்தி அனுப்பியிருக்கிறேன்.

பொருநைக்கரையான்:
‘வழக்கமான ஆயுதங்கள்’ என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். யாருக்கு வழக்கம்?