அப்பாவோடு வெஸேர் பள்ளத்தாக்கு: கார் இல்லாமல் லெ எய்ஸி போகலாமா?

மருதாணி கேட்டது:

வணக்கம். நான் பிரான்சில் போர்தோவில் வேலை பார்க்கிறேன். மே மாதம் அப்பா விழுப்புரத்திலிருந்து வருகிறார். வயது 68, ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். கீழ்வாலைப் பாறை ஓவியங்களைக் காட்ட எங்களைச் சின்ன வயதிலேயே கூட்டிப்போனவர். "பாரிசெல்லாம் வேண்டாம், லாஸ்கோ குகையைக் காட்டு போதும்" என்கிறார். பழங்கால மனிதர் தீட்டிய ஓவியங்கள் உள்ள அந்தக் குகை மூடியிருக்கிறது, இப்போது காட்டுவது நகல் என்று அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

கையில் மூன்று நாள். எனக்குக் கார் ஓட்ட வராது. அப்பாவுக்கு முட்டி வலி, சுத்த சைவம் வேறு. எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது?

கரிசல்மண்:

படிப்புக்காக நான்கு வருடம் பெரிகுவில் இருந்தேன். மாதம் ஒருமுறையாவது அந்தப் பள்ளத்தாக்குக்குப் போய்விடுவேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

லாஸ்கோ இருக்கும் மொந்தின்யாக்கில் தங்காதீர்கள். அங்கே ரயில் கிடையாது. லெ எய்ஸியில் தங்குங்கள். போர்தோவிலிருந்து பெரிகு, அங்கே மாறினால் அரை மணிக்குச் சற்று மேல். ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான், திரும்பும் நேரத்தையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் மிகச் சிறியது. ஒரே தெரு, ஒரு பக்கம் வெஸேர் ஆறு, மறுபக்கம் தலைக்கு மேல் தொங்குவது போல மஞ்சள் சுண்ணாம்புப் பாறை. சில வீடுகளுக்குப் பின்சுவரே அந்தப் பாறைதான். 1868இல் பாதை வேலைக்கு மண் அள்ளியபோது குரோ-மேக்னன் எனப்படும் பழங்கால மனிதர்களின் எலும்புக்கூடுகள் கிடைத்த இடம் இந்த ஊர்தான். தேசியத் தொல்பழங்கால அருங்காட்சியகமும் அதே தெருவில் இருக்கிறது. வந்து இறங்கும் நாளில் அதைப் பாருங்கள். கொம்பிலும் எலும்பிலும் பழங்கால மனிதர்கள் கீறிய கோடுகளை அப்பா கிட்டத்தில் நின்று பார்க்கட்டும்.

இரண்டாம் நாள் காலை ஃபோன் த கோம். இதைத்தான் அழுத்திச் சொல்கிறேன். பல வண்ணங்களில் தீட்டிய அசல் ஓவியங்களை மக்கள் இன்றும் நேரில் பார்க்க முடிகிற குகை பிரான்சில் இது ஒன்றுதான். 1901இல் கண்டுபிடித்தார்கள். உங்கள் மூச்சுக் காற்றே ஓவியத்தைக் கெடுக்கும் என்பதால் நாளுக்கு மிகக் குறைவான பேரைத்தான் விடுகிறார்கள். இன்றே முன்பதிவு பாருங்கள்.

நான் முதல் தடவை போனபோது வழிகாட்டி விளக்கைச் சுவருக்கு நேராகப் பிடித்தார். மங்கலான செந்நிறக் கறை, அவ்வளவுதான் தெரிந்தது. விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்தினார். பாறையின் புடைப்பு அப்படியே ஒரு காட்டெருமையின் தோளாக எழுந்து வந்தது. வரைந்தவர் கல்லைப் பார்த்து, அதற்குள் இருந்த மிருகத்துக்குக் கோடு மட்டும் போட்டிருக்கிறார். இன்னொரு இடத்தில் ஒரு கலைமான் குனிந்து, முன்னால் மண்டியிட்ட பெண்மானின் நெற்றியை நக்குகிறது. அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து வெகுநேரம் யாரோடும் பேசத் தோன்றவில்லை.

முட்டி விஷயம்: சீட்டு வாங்கும் இடத்திலிருந்து குகைவாய் வரை சுமார் 400 மீட்டர் ஏற்றம். மெதுவாக ஏறலாம், அதற்கு நேரம் விட்டுக் கிளம்புங்கள். உள்ளே சில இடங்கள் மிகவும் குறுகல், பையை வெளியே வைக்க வேண்டும், படம் எடுக்கக் கூடாது. கொம்பரெல் குகை இன்னும் குறுகல், அது வேண்டாம். லா ரோக் சேன் கிறிஸ்தோஃப் ஒரு கிலோமீட்டர் நீளப் பாறைக் குடியிருப்பு, அற்புதமான இடம்தான், ஆனால் படிகள் அதிகம். சாலையிலிருந்து பார்த்தால் போதும்.

ரூஃபின்யாக் அப்பாவுக்கென்றே அமைந்தது. குகைக்குள் சின்ன மின்சார ரயிலில் கூட்டிப்போகிறார்கள், நடையே குறைவு. சுவரில் எங்கு பார்த்தாலும் மாமூத் என்ற அழிந்துபோன யானைகளின் படங்கள். குகைக் கரடிகள் நகம் தீட்டிய கீறல்களும் சுவரில் இருக்கின்றன. பஸ்ஸை நம்ப வேண்டாம், தங்கும் விடுதியில் சொல்லி டாக்சி வையுங்கள்.

தயிர்சாதம்:

சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே! அது வாத்தும் கூஸும் ஆளும் நாடு. சார்லா உருளைக்கிழங்கு என்று பட்டியலில் பார்த்ததும் சைவம் என்று நினைத்துவிடாதீர்கள், வாத்துக் கொழுப்பில் பொரிப்பார்கள். நான் அப்படித்தான் ஏமாந்தேன். சூப்பிலும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். வால்நட் ரொட்டி, வட்டமான சின்ன ஆட்டுப்பால் சீஸ், வால்நட் எண்ணெய் விட்ட சாலட், இவை மூன்றும் நம்பிக்கையானவை. முடிந்தால் சமையலறை உள்ள அறை எடுத்து ஒரு குக்கர் கொண்டுபோங்கள். அந்தப் பக்கத்துச் சார்லா ஊரில் சந்தை புதனும் சனியும்.

நெய்தல்:

ஃபோன் த கோமை முதலில் பார்க்கச் சொல்லும் கரிசல்மண்ணோடு அந்த ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. முதலில் லாஸ்கோ நகலைப் பாருங்கள், அப்புறம் அசல். நகலில் வண்ணம் பளிச்சென்று இருக்கும், வெளிச்சமும் தாராளம். கண் பழகிய பிறகு போனால்தான் ஃபோன் த கோமின் மங்கிய கோடுகள் பிடிபடும்.

கரிசல்மண்:

நெய்தல், முதல்முறை பார்க்கிறவர்கள் பெரும்பாலோருக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் இவர் வாழ்நாள் முழுக்கக் கோடு போட்டவர், கண் ஏற்கெனவே பழகியிருக்கிறது. அசலைப் பார்த்த கையோடு நகலுக்குப் போனால் எதை எப்படிப் படியெடுத்தார்கள் என்று அவரே கண்டுபிடிப்பார்.

மருதாணி, மூடியதற்கான காரணத்தை அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். 1940 செப்டம்பரில் நான்கு பையன்கள் கண்டுபிடித்தார்கள். போருக்குப் பின் கூட்டம் குவிந்தது. மூச்சின் கரியமிலவாயுவும் ஈரமும் விளக்கொளியும் சேர்ந்து சுவரில் பச்சைப் பாசி படர்ந்தது. 1963இல் பூட்டினார்கள். காப்பாற்றத்தான் பூட்டினார்கள் என்று தெரிந்தால் ஓவிய ஆசிரியர் வருத்தப்பட மாட்டார்.

மருதாணி:

எல்லோருக்கும் நன்றி. ஃபோன் த கோம் கிடைத்துவிட்டது, வியாழன் காலை. நேற்று அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நகலில் கல்லின் மேடுபள்ளமும் இருக்குமா, வெறும் தட்டைச் சுவரா?" என்று கேட்டார். யாருக்காவது தெரியுமா அண்ணா?

கரிசல்மண்:

இருக்கிறது. 2016இல் திறந்த புதிய நகலுக்குக் குகையை லேசரால் அளந்து, மேடுபள்ளத்தோடு சுவரை வார்த்து, அதன்மேல் ஓவியர்கள் கையால் தீட்டினார்கள். அதனால் வெள்ளிக்கிழமை மொந்தின்யாக்குக்கும் டாக்சி சொல்லிவிடுங்கள். அப்பாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை எடுத்துப் போங்கள், மே மாதமானாலும் அந்தக் குகைகளுக்குள் 13 டிகிரிதான்.