அவசரம்: நேர்சிங் ஹோம் அட்மினிஸ்ட்ரேற்றர் லைசென்ஸ், தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

வடலி (வெள்ளி, இரவு 9.40)
அக்கா 11 வருசமா யாழ்ப்பாணத்தில நேர்சா இருக்கிறா. வெளிநாட்டில நேர்சிங் ஹோம் (வயசான ஆக்களைப் பராமரிக்கிற இல்லம்) அட்மினிஸ்ட்ரேற்றரா, அதாவது நிர்வாகியா, போகலாம், லைசென்ஸ் இஞ்ச இருந்தே எடுத்துத் தாறம் எண்டு ஒரு ஏஜென்சி சொல்லுது, நாலரை லட்சம் கேக்கினம், திங்கக்கிழமை பாதி கட்டவேணுமாம், அம்மா சங்கிலியை அடகு வைக்க நிக்கிறா. உந்த லைசென்ஸுக்கு என்னென்ன வேணும்? கெதியா சொல்லுங்கோ.

கோப்பாய்_தம்பி
எந்த நாடு?

ரொறன்ரோ_மாமா
உது பொய். ஒன்ராறியோவில ஆளுக்கு லைசென்ஸ் இல்லை, இல்லத்துக்குத்தான். நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்கான 2021 சட்டம், 2022 ஏப்ரலில நடைமுறைக்கு வந்தது. அட்மினிஸ்ட்ரேற்றருக்கு டிகிரியோ டிப்ளோமாவோ இருக்கோணும், சுகாதார, சமூக சேவைப் பக்கம் மேற்பார்வை வேலையில 3 வருச அனுபவம், பிறகு குறைஞ்சது 100 மணித்தியால நிர்வாகக் கோர்ஸ். நான் 8 வருசம் உதுக்குள்ள வேலை செய்தனான்.

குரோய்டன்_அக்கா
மாமா, எல்லா நாடும் கனடா இல்லை. இங்கிலாந்தில இல்லத்தையும் பதியோணும், மனேஜரும் தன்ர பேரில சீ.கியூ.சி.யிட்ட (பராமரிப்புச் சேவையளைக் கண்காணிக்கிற அமைப்பு) பதியோணும். அனேகமா பராமரிப்பு நிர்வாகத்தில லெவல் 5 டிப்ளோமா கேப்பினம்.

வெள்ளைத்தொப்பி
என்கிளெக்ஸ் எழுதச் சொல்லுங்கோ, அது பாஸ் எண்டால் எல்லாம் சரி.

இளைப்பாறிய_கிளாக்கர்
என்கிளெக்ஸ் நேர்ஸுக்கான சோதினை, நிர்வாகிக்கு இல்லை. தெரியாட்டி எழுதாதேங்கோ. தம்பி வடலி, நாடும் சொல்லேல்ல, அக்காவின்ர படிப்பும் சொல்லேல்ல. 30 வருசம் கந்தோரில இருந்தனான், அரைவாசி நிரப்பின படிவத்தை நான் கையாலயும் தொட்டதில்லை.

வடலி (சனி, காலை 6.15)
சொறி ஐயா, அமெரிக்கா. எந்த மாநிலம் எண்டு அவை சொல்லேல்ல. அக்கா 3 வருச டிப்ளோமா, டிகிரி இல்லை.

இளைப்பாறிய_கிளாக்கர்
இதை முதலே சொல்லியிருக்கலாம். அமெரிக்காவுக்கெண்டு ஒரே லைசென்ஸ் கிடையாது. 1967ல சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தேக்க, நேர்சிங் ஹோம் நிர்வாகிக்கு ஒவ்வொரு மாநிலமும் தானே லைசென்ஸ் குடுக்கோணும் எண்டு வந்தது. அதால லைசென்ஸ் குடுக்கிற போர்ட்டும் வேற, நிபந்தனையும் வேற. சோதினை மட்டும் எல்லாருக்கும் பொது, மாநில போர்ட்டுகளின்ர சங்கமான என்.ஏ.பி. நடத்துறது, அடிப்படைச் சோதினை ஒண்டு, நேர்சிங் ஹோமுக்கெண்டு தனியா ஒண்டு. கனக்க மாநிலம் டிகிரி கேக்கும். அதோட பயிற்சி நிர்வாகியா அங்கத்தைய இல்லமொண்டில, லைசென்ஸ் உள்ள ஒராளுக்குக் கீழ நூற்றுக்கணக்கான மணித்தியாலம் நிண்டு பழகோணும். அதைக் கோண்டாவிலில இருந்து செய்யேலாது. மாநிலத்தின்ர பேர் சொல்லாமல் லைசென்ஸ் எடுத்துத் தாறம் எண்டு காசு கேக்கிறவனிட்டக் காசு குடுக்காதேங்கோ. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அவைக்குக் குடுத்த லைசென்ஸ் இலக்கத்தைக் கேட்டுப் பணியகத்திலயே சரிபாருங்கோ.

கோப்பாய்_தம்பி
ஐயா சொல்லுற விதம்தான் கடுமை, விசயம் சரி. ஆனா அக்கா ஏன் அங்க போகோணும்? இஞ்ச ஒரு நேர்சிங் ஹோம் தொடங்கலாமே, வீட்டுக்கு வீடு வயசான ஆக்கள் தனிய இருக்கினம்.

வெள்ளைத்தொப்பி
இஞ்ச நேர்சிங் ஹோம் எண்டால் சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. அது 2006ம் ஆண்டு 21ம் இலக்கச் சட்டம், தனியார் மருத்துவ நிறுவனமாப் பதியோணும், ஒவ்வொரு வருசமும் புதுப்பிக்கோணும். முதியோர் இல்லம் வேற, அது 2000ம் ஆண்டு 9ம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம். பிரதேச செயலகத்தில முதியோர் உரிமை அலுவலரைக் கேட்டால் வழி சொல்லுவினம்.

ரொறன்ரோ_மாமா
தாய் தேப்பனை இல்லத்தில விடுறதுக்கு இப்ப ஊரிலயும் கடை திறக்கப் போறியளோ?

குரோய்டன்_அக்கா
மாமா, நீங்கள் அங்க, உங்கட அம்மாவை ஊரில ஆர் பாத்தது? அதே 2000ம் ஆண்டுச் சட்டம்தான் பெற்றாரைப் பாக்கிறது பிள்ளையளின்ர கடமை எண்டும் சொல்லுது, பாக்காட்டி பராமரிப்புச் சபைக்கு முறையிடலாம். கைதடி முதியோர் இல்லத்துக்கு ஒருக்காப் போய்ப் பாருங்கோ, எத்தினை பேருக்கு அதுதான் வீடு எண்டு விளங்கும்.

ரொறன்ரோ_மாமா
என்ர அம்மாவைப் பற்றி நீ கதைக்காதை பிள்ளை. மாதம் தவறாமல் காசு அனுப்பினனான்.

குரோய்டன்_அக்கா
காசு மருந்து வாங்கித் தரும் மாமா, ராவில எழும்பித் தண்ணி எடுத்துக் குடுக்காது. நானும் காசு அனுப்பினவள்தான், அதாலதான் சொல்லுறன்.

இளைப்பாறிய_கிளாக்கர்
கேட்ட பிள்ளையின்ர கேள்விக்குள்ள நில்லுங்கோ.

வடலி (புதன், இரவு 8.05)
காசு கட்டேல்ல. எந்த மாநில போர்ட் எண்டும் பணியக இலக்கத்தையும் கேட்டன், அதுக்குப் பிறகு போன் எடுக்கிறேல்ல. சங்கிலி அம்மாவின்ர கழுத்திலதான் இருக்கு. அக்கா முதல்ல டிகிரியை முடிப்பம் எண்டு சொல்லுறா. ஐயாவுக்கு நன்றி.

சுன்னாகம்_பிள்ளை (வியாழன்)
குரோய்டன் அக்கா நிக்கிறியளோ? அந்த லெவல் 5 டிப்ளோமா இஞ்ச இருந்து படிக்கலாமோ? எனக்கும் ஒரு ஏஜென்சி கோல் எடுத்தது.